பெண்டுலம் கடிகாரம் தினமும் 3 நிமிஷம் ஸ்லோவா? முதல்ல ஒரு வாரம் முள்ளைத் தொடாதீங்க

கும்பகோணத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. தாத்தா காலத்து சாவி கொடுக்கிற சுவர்க் கடிகாரம், புது வீட்டுல மாட்டினதுல இருந்து தினமும் 3 நிமிஷம் ஸ்லோ, ரிப்பேர் கடைக்காரர் வெயில்தான் காரணம்ங்கிறாரு, தினமும் காலையில முள்ளைத் தள்ளித் தள்ளி அலுத்துப் போச்சு, என்ன பண்ணலாம்னு.

வெயில் இல்லைங்க. சூட்டுல பெண்டுலம் கம்பி நீளும், நீண்டா மெதுவா ஆடும், அது நிஜம்தான், ஆனா 10 டிகிரி ஏறினாலும் இரும்புக் கம்பின்னா ஒரு நாளைக்கு 5 செகண்டு, பித்தளைன்னா 8 செகண்டு, அவ்ளோதான். அந்த 5 செகண்டே வானியல்காரங்களுக்கு பெரிய தலைவலி, அதுக்காகவே 1720கள்ல லண்டன்ல ஜார்ஜ் கிரஹாம் பெண்டுலத்தோட அடியில பாதரச ஜாடியை வச்சாரு, கம்பி கீழ நீளுறப்போ பாதரசம் மேல ஏறி ரெண்டும் சரியாப் போயிடும். எனக்கு இன்னைக்கும் நினைச்சா பிரமிப்பா இருக்கும்.

3 நிமிஷம்னா அது நீளப் பிரச்சனை. 1672ல ழான் ரிஷேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவுல காயென் போனாரு, பாரிஸ் கணக்குக்கு சரியா இருந்த பெண்டுலம் அங்க தினமும் இரண்டரை நிமிஷம் ஸ்லோ. நிலநடுக்கோட்டுப் பக்கம் புவியீர்ப்பு கம்மி, அதனால பெண்டுலத்தோட நீளத்துல 3 மில்லிமீட்டருக்கும் கம்மியா குறைச்சதும் சரியாச்சு. அது ஒரு மீட்டர் பெண்டுலம். உங்களோடது கால் மீட்டர் இருக்கும்னு வச்சுக்கிட்டா, 1 மில்லிமீட்டர் நீண்டாலே தினம் 3 நிமிஷம் போயிடும். வீடு மாத்துறப்போ பெண்டுலத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருப்பீங்க, குண்டுக்குக் கீழ இருக்கிற சின்ன நட்டு அப்போ திரும்பியிருக்கும், என் சந்தேகம் அதுமேலதான்.

ஆனா உடனே நட்டுல கை வைக்காதீங்க. முதல்ல கண்ணை மூடிட்டு சத்தத்தைக் கேளுங்க, டிக்... டாக்... ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும், நொண்டுற மாதிரி கேட்டா கடிகாரம் சாய்வா மாட்டியிருக்கு, லேசா நகர்த்தி சரி பண்ணுங்க. அப்புறம் ஒரு வாரம் முள்ளைத் தொடாம, தினமும் ஒரே நேரத்துல போன் டைமோட ஒப்பிட்டு எவ்வளவு பின்னாடின்னு ஒரு நோட்டுல எழுதுங்க, சாவியும் வாரத்துல ஒரே நாள்ல கொடுங்க.

1792ல நுங்கம்பாக்கத்துல கட்டின மெட்ராஸ் வானாய்வகத்துலயும் வேலை இப்படித்தான். கருங்கல் தூண்மேல நிறுத்தின தொலைநோக்கியில கண்ணை வச்சுக்கிட்டு, காதால கடிகார டிக்கை எண்ணிக்கிட்டே, நட்சத்திரம் தொலைநோக்கிக்குள்ள இருக்கிற மெல்லிய கம்பியைத் தாண்டுற நொடியை எழுதுவாங்க. நட்சத்திரம் திரும்ப அதே இடத்துக்கு வர 23 மணி 56 நிமிஷம் 4 செகண்டு, அது மாறாது, அதை வச்சு கடிகாரம் எவ்வளவு தப்புன்னு கணக்குப் போடுவாங்களே தவிர தினமும் முள்ளைத் திருப்ப மாட்டாங்க. தினமும் அதே அளவு தப்பினா அது நல்ல கடிகாரம். ஒரு நாள் 1 நிமிஷம், மறுநாள் 5 நிமிஷம்னு தாவினாதான் அழுக்கோ தேய்மானமோ, அப்போ கடைக்குக் கொண்டு போங்க.

உங்க நோட்டுல 3, 6, 9னு தினமும் அதே 3 நிமிஷமே கூடிக்கிட்டு வந்தா நட்டை அரைச் சுத்து திருப்பி குண்டை மேல ஏத்துங்க, 2 நாள் பாருங்க, மறுபடி கொஞ்சம். மணி அடிக்கிற கடிகாரம்னா முள்ளைப் பின்னாடி மட்டும் திருப்பிடாதீங்க, முன்னாடியே தள்ளி ஒவ்வொரு மணியும் அடிச்சு முடியிற வரைக்கும் நின்னு நகர்த்துங்க.