அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிட்டன் ஏன் தலையிடவில்லை?

தலையிடும் நிலைக்கு மிக அருகில் வந்துதான் விலகியது. 1861 நவம்பரில் 'டிரென்ட்' என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை வடக்கின் (லிங்கன் அரசின்) போர்க்கப்பல் மறித்து, அதில் பயணம் செய்த, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் தூதர்கள் மேசன், ஸ்லைடெல் இருவரையும் பிடித்துப்போனது. லண்டன் கொதித்தது, கனடாவுக்குப் படை கிளம்பியது. நோயில் கிடந்த இளவரசர் ஆல்பர்ட் (விக்டோரியா ராணியின் கணவர்) கண்டனக் கடிதத்தின் கடுமையைக் குறைத்து, வாஷிங்டன் மானம் போகாமல் பின்வாங்க வழி வைத்தார். என்னைக் கேட்டால், போரைத் தவிர்த்ததில் அந்தத் திருத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. லிங்கன் அரசு இருவரையும் விடுவித்தது.

அப்புறம் பருத்தி. பிரிட்டிஷ் ஆலைகளுக்குத் தெற்கிலிருந்து அது வராவிட்டால் பிரிட்டன் தானாக உதவிக்கு வரும் என்று தெற்கு நம்பியது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள்தான். ஆனால் இந்தியப் பருத்தியும் எகிப்துப் பருத்தியும் ஓரளவு கைகொடுத்தன. 1862 செப்டம்பரில் லிங்கன் அடிமை விடுதலையை அறிவித்த பின் தெற்கை ஆதரிப்பது இன்னும் கடினமானது. பிரான்ஸ் முன்வைத்த போர்நிறுத்த யோசனையை நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சரவை நிராகரித்தது.