குத்து, உதை, திரை: வீட்டிலிருந்தே கிக்பாக்ஸிங் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இதுவரை நடைப்பயிற்சி மட்டும்தான் செய்திருக்கிறேன். இசைத் தாளத்துக்குக் காற்றில் குத்தியும் உதைத்தும் செய்யும் கார்டியோ கிக்பாக்ஸிங் தொடங்க ஆசை. இணையத்தில் தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. எல்லாவற்றிலும் 'தொடக்கநிலை' என்றுதான் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: தலைப்பை நம்பாதீர்கள். வீடியோவை ஓடவிட்டு உடனே கூடவே ஆடத் தொடங்கவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து முதல் பத்து நிமிடம் பாருங்கள். பிறகு நடுவில் எங்காவது இரண்டு நிமிடம், கடைசி ஐந்து நிமிடம். கால் மணி நேரத்தில் அந்தப் பயிற்சியாளருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா, செய்துகாட்ட மட்டும்தான் தெரியுமா என்பது விளங்கிவிடும்.

முதலில் கேமராவைக் கவனியுங்கள். பயிற்சியாளரின் பாதம் தெரிகிறதா? கிக்பாக்ஸிங்கில் கை செய்வதில் பாதி, கால் செய்வதன் விளைவு. பின்காலின் குதிகால் எழும்பி இடுப்பு திரும்பும்போதுதான் கிராஸ் குத்துக்கு (பின்னால் உள்ள கையால் நேராக விடும் குத்து) வலு வருகிறது. முகத்தையும் தோளையும் மட்டும் காட்டி, நொடிக்கொரு தடவை கோணம் மாற்றும் வீடியோ பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். அதை வைத்துக் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது குரல். 'அடுத்து ஹுக்' (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து) என்ற அறிவிப்பு, அந்த அசைவுக்குக் குறைந்தது நான்கு தாளம் முன்னதாக வர வேண்டும். அசைவும் அறிவிப்பும் ஒன்றாக வந்தால் எப்போதும் ஒரு குத்து பின்தங்கியே இருப்பீர்கள். அந்த அவசரத்தில்தான் மணிக்கட்டு மடங்குகிறது.

மூன்றாவது, அடுக்கிச் சொல்லும் முறை. நல்ல வகுப்பில் முதலில் ஜாப் (முன்னால் உள்ள கையால் நேராக விடும் குத்து) மட்டும் எட்டு முறை வரும். பிறகு ஜாப்–கிராஸ். அது கை பழகிய பின்தான் ஹுக், அதன்பின் முழங்கால் உதை. ஒவ்வொன்றும் முதலில் பாதி வேகத்தில், அப்புறம் முழு வேகத்தில். எடுத்த எடுப்பிலேயே ஆறு அசைவுக் காம்போவை (அசைவுத் தொடரை) முழு வேகத்தில் காட்டுகிறவர் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக வகுப்பு எடுக்கிறார். தலைப்பில் 'தொடக்கநிலை' என்று போட்டதாலேயே அது மாறிவிடாது.

வலப்பக்கம் செய்த காம்போ இடப்பக்கமும் அதே எண்ணிக்கையில் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். பல வீடியோக்களில் நேரம் போதாமல் இரண்டாவது பக்கம் குறுகிப்போகும். தொடக்கத்தில் வார்ம்-அப்புக்கும் இறுதியில் கூல்-டவுனுக்கும் ஐந்து நிமிடமாவது வேண்டும். குதிக்காமல் செய்யும் மாற்று அசைவை ஒருவர் ஓரமாக நின்று தொடர்ந்து காட்டிக்கொண்டிருந்தால், அந்த வீடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பாடல் வேகம் எனக்கு ஒத்துவரவில்லை. பத்து நிமிடத்தில் கை எங்கோ, கால் எங்கோ போகிறது. பழகப் பழகச் சரியாகுமா?

பதில்: தப்பாகப் பழகினால் தப்புதான் பழகும். தாளத்தை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 120 முதல் 130 தாளம் என்றால் புதியவருக்குச் சமாளிக்கக்கூடியது. 140-ஐத் தாண்டினால், தாளத்துக்கு ஒரு குத்து என்ற கணக்கில் கையை முழுதாக நீட்டி முகத்தருகே திரும்பக் கொண்டுவர நேரமே இருக்காது. பாதி நீட்டி, பாதி இழுத்து, காற்றில் கையை உதறுவதில்தான் அது முடியும்.

வீடியோ ஓட்டியில் வேகத்தை 0.75 என்று வைத்துப் பாருங்கள். 140 தாளம் 105 ஆகிவிடும். குரல் கொஞ்சம் இழுவையாகக் கேட்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு முறை அப்படிச் செய்துவிட்டு இயல்பு வேகத்துக்குப் போங்கள். அப்போதும் தடுமாறினால் கையை விட்டுவிட்டு காலசைவை மட்டும் பிடியுங்கள். கால் நிலைத்த பிறகு கை தானாக வந்து சேரும்.

கேள்வி: அவர் 'இடது' என்று சொல்லிவிட்டு வலக்கையைத் தூக்குவது போலத் தெரிகிறது. எதைப் பின்பற்றுவது?

பதில்: காதை மறந்து கண்ணைப் பின்பற்றுங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல. திரையின் இடப்பக்கம் அசைந்தால் உங்கள் இடக்கை. இரு பக்கமும் சமமாகச் செய்யும் வீடியோ என்றால் எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் குறையில்லை.

கேள்வி: மூன்று வாரமாகச் செய்கிறேன். ரவுண்ட்ஹவுஸ் கிக் (பக்கவாட்டிலிருந்து காலைச் சுழற்றி உதைப்பது) வரும் நாளெல்லாம் நின்ற காலின் முழங்காலில், உட்பக்கம் வலி. உதைக்கிற காலில் ஒன்றுமில்லை. டைல்ஸ் தரையில் தடிமனான யோகா விரிப்பு போட்டு, ஓடுவதற்கான ஷூ அணிந்து செய்கிறேன்.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரவுண்ட்ஹவுஸில் இடுப்பு சுழன்று குறுக்காக வருகிறது. நின்ற பாதமும் கூடவே சுழல வேண்டும். ஓட்ட ஷூவின் அடிப்பாகம் தரையைக் கவ்வுவதற்காகவே செய்யப்பட்டது. மெத்தென்ற விரிப்பில் அது இன்னும் புதைந்து நிற்கும். மேலே தொடை சுழல்கிறது, கீழே பாதம் அசையவில்லை. நடுவில் உள்ள முழங்கால் முக்கியமாக மடங்கி நிமிரும் மூட்டு. அந்த முறுக்கு முழுக்க அதன் தலையில் விழுகிறது.

விரிப்பை மடித்து வையுங்கள். அடிப்பாகம் ஓரளவு வழுவழுப்பான, பக்கவாட்டில் பிடிமானமுள்ள டிரெயினிங் ஷூ நல்லது. தரை ஈரமில்லாமல், வழுக்காமல் இருந்தால் வெறுங்காலும் சரி. ஆனால் குதிக்கும் அசைவுகள் நிறைய உள்ள வீடியோவுக்கு வெறுங்கால் வேண்டாம். சாக்ஸ் மட்டும் அணிவது எதற்குமே கூடாது. தரை மிகக் கடினம் என்றால், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கெட்டியான ஃபோம் பலகைகள் யோகா விரிப்பைவிட மேல். அவை நகராது, கால் புதையாது.

பிறகு உதையைப் பிரித்துப் பழகுங்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நின்ற காலின் குதிகாலைச் சற்றே தூக்கி, முன்பாதத்தின் மேல் சுழன்று, குதிகால் இலக்கைப் பார்க்கும்படி திருப்புங்கள். அதற்குப் பிறகே மறுகாலின் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் தூக்க வேண்டும். இடுப்பைப் புரட்டி, கீழ்க்காலை நீட்டி, அதே வழியில் மடக்கி, பாதத்தைக் கீழே வைத்து, கடைசியாகச் சுழற்சியைத் திருப்புங்கள். முதல் வாரம் உதையே வேண்டாம். பாதச் சுழற்சி மட்டும் பக்கத்துக்குப் பத்து முறை. உயரம் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். தொடை உயர உதையைச் சுத்தமாக உதைப்பவரே தேர்ந்தவர். தலை உயரத்துக்குக் காலை வீசுவது திரைக்கு அழகு, இடுப்புக்கு வம்பு.

வலி அடங்கும் வரை ரவுண்ட்ஹவுஸ் வரும் இடங்களில் ஃப்ரண்ட் கிக் (நேர் முன்னால் உதைப்பது) செய்யுங்கள். அதில் சுழற்சி இல்லை. முழங்கால் வீங்கினாலோ, பாதியில் சிக்கிக்கொள்வதுபோல் இருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வீடியோவில் கையில் ஒரு கிலோ டம்பெல் பிடித்துக்கொண்டு குத்துகிறார்கள். சீக்கிரம் பலன் கிடைக்குமா?

பதில்: சீக்கிரம் முழங்கை வலி கிடைக்கும். எடை கீழ்நோக்கி இழுக்கிறது. நீங்களோ முன்னோக்கி வீசுகிறீர்கள். குத்தின் முடிவில் அந்த எடையை நிறுத்துவது முழங்கை மூட்டும் தோளின் சிறு தசைகளும்தான். வெறுங்கையிலேயே முழங்கையைக் கடைசி வரை விறைப்பாக நீட்டிப் பூட்டக் கூடாது, இம்மியளவு மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். எடை கையில் இருந்தால் வேகத்தில் அந்த இம்மி காணாமல் போகும். டம்பெல் பயிற்சி தனி நாளில், மெதுவாக. குத்தும்போது கையில் எடை கொடுக்கும் வீடியோவை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கலாம்.

முஷ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு வெளியே மடிந்திருக்க வேண்டும், உள்ளே அல்ல. மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில். காற்றில் குத்தும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நாளைக்குக் குத்துப்பை வாங்கித் தொங்கவிட்டால் முதல் குத்திலேயே தெரியும்.

கேள்வி: '30 நிமிடத்தில் 800 கலோரி' என்று போட்டிருக்கும் வீடியோ உண்மையா? தொப்பை குறையுமா?

பதில்: 1999-ல் அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சில் செய்வித்த ஆய்வில், ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ளவர் கார்டியோ கிக்பாக்ஸிங்கில் ஒரு மணி நேரத்துக்குச் செலவழித்தது 350 முதல் 450 கலோரி. அரை மணிக்கு அதில் பாதி. எடை கூடினால் எண்ணும் கூடும் என்றாலும், 800 விளம்பரக் கணக்கு. குறிப்பிட்ட இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி எதுவும் இல்லை. வயிற்றுத் தசை வலுப்படும், சுற்றளவு குறைவது மொத்தக் கொழுப்பு குறைவதைப் பொறுத்தது.

கேள்வி: மாடி வீடு. கீழ்வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். இடமும் குறைவு.

பதில்: 'லோ இம்பாக்ட்' என்று குறிப்பிட்ட வீடியோக்களைத் தேடுங்கள். ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதுதான் அதன் பொருள், சுலபம் என்பதல்ல. ஜம்பிங் ஜாக்குக்கு (குதித்துக் கால் அகட்டி, கை தூக்குவது) பதில் பக்கத்துக்கு ஓரடி வைத்துக் கை தூக்கலாம். துள்ளிக்கொண்டே நிற்கும் இடங்களில் முழங்காலை லேசாக மடக்கி எடையைக் கால் மாற்றினால் போதும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் தாராளம். ஒரு காலை நீட்டி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், மேசை மூலை, மின்விசிறி ஸ்டாண்ட் எதுவும் எட்டக் கூடாது. திரை கண் மட்டத்தில் இருக்கட்டும். தரையில் வைத்த செல்போனைக் குனிந்து பார்த்தபடி குத்தினால் மறுநாள் கழுத்து கேள்வி கேட்கும்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள்? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன்.

பதில்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு. ஆனால் அங்கே போவதற்கு அவசரம் வேண்டாம். முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தடவைக்கு 20 நிமிடம். தினம் ஒரு புது வீடியோ என்று தாவாமல் ஒன்றையே மூன்று வாரம் செய்யுங்கள். சலிப்பு வரும் கட்டத்தில்தான் அசைவுகள் திருந்தத் தொடங்கும்.

உங்கள் விஷயத்தில் முதல் படி மருத்துவரிடம் கேட்பது. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில நாடித்துடிப்பை ஏறவிடாது. எனவே உச்ச நாடித்துடிப்புக்கான '220-லிருந்து வயதைக் கழி' என்ற கணக்கும் கைக்கடிகாரம் காட்டும் எண்ணும் உங்களுக்குச் சரிவராமல் போகலாம். பேச்சையே அளவாக வையுங்கள். முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் கடுமை, வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்' என்று மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினால் அழுத்தம் சட்டென ஏறும். முடிந்ததும் அப்படியே உட்காராமல் ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும், மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நேரும். நெஞ்சில் இறுக்கமோ இடக்கைக்குப் பரவும் வலியோ தெரிந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கேள்வி: இதைக் கற்றால் தெருவில் யாராவது தாக்கினால் தற்காத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது. திருப்பி அடிக்காத காற்றோடு பழகுகிறீர்கள். தற்காப்பு வேண்டுமென்றால் எதிரில் ஆள் நிற்கும் வகுப்பில் சேருங்கள்.