புது டிரைவர் என்றாலே தவறு அவர் மீதா?

கேள்வி: என் மகன் லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. முன்னால் போன கார் திடீரென பிரேக் போட்டதால் பின்னால் இடித்துவிட்டான். ‘புதுசா ஓட்டுறவன், தப்பு அவனோடதுதான், எழுதிக் கொடு’ என்கிறார் அந்தக் கார்க்காரர். என்ன செய்வது?
- வாசகி, கரூர்

பதில்: எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. இரண்டு மாத லைசென்ஸும் முழு லைசென்ஸ்தான். அதன் வயதைப் பார்த்து யாரும் தவறைத் தீர்மானிக்க முடியாது.

ஆனாலும் முதல் சந்தேகம் உங்கள் மகன் மீதுதான் விழும். முன்வண்டி சட்டென நின்றாலும் இடிக்காத அளவு இடைவெளி விடுவது பின்னால் வருபவரின் கடமை. 60 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் கரைந்துவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

அதற்காக முழுப் பழியையும் ஏற்க வேண்டியதில்லை. தக்க காரணமின்றி திடீர் பிரேக் போடுவதும் விதிமீறலே. கோவையில் 2017-ல் நெடுஞ்சாலை நடுவே சட்டென நின்ற கார் மீது ஒரு பைக் மோதியது. விழுந்த மாணவர் மீது பஸ் ஏறியது. 2025-ல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவருக்கு 50, பஸ் டிரைவருக்கு 30, மாணவருக்கு 20 சதவீதம் எனப் பொறுப்பைப் பிரித்தது. இடைவெளி விடாததும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாததும் மாணவர் மீது சொல்லப்பட்ட குறைகள். இரண்டாவது குறை உங்கள் மகனுக்கு இல்லை.

இனி எல்லாம் சாட்சியத்தைப் பொறுத்தது. டயர் தடம், கண்ணாடிச் சிதறல், வண்டிகள் நின்ற நிலை ஆகியவற்றின் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். முன்காரின் பின்புற மூலையில் மட்டும் அடி இருந்தால், அது குறுக்கே புகுந்திருக்கலாம். பம்பர் முழுக்க நசுங்கியிருந்தால் அந்த வாதம் நிற்காது. பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவை இன்றே கேளுங்கள், நாளானால் அழிந்துவிடும். சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பதற்கு முன்பு உங்கள் காரை ரிப்பேருக்குப் பிரிக்கவிடாதீர்கள்.

கேள்வி: எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) மட்டும் இருக்கும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
- வாசகர், தென்காசி

பதில்: எல்எல்ஆரும் சட்டப்படி லைசென்ஸ்தான் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. ஆனால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ வேண்டும். பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது.