பூங்காவில் ஆடும் 25 பிள்ளைகளுக்குத் தனி கிளப் தேவையா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பக்கத்துப் பூங்காவில் 25 பிள்ளைகள் வரை டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். 7 முதல் 13 வயது. ஐந்தாறு பெண் பிள்ளைகளும் உண்டு. அப்பாக்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். இதையே ஒரு கிளப்பாக்கி லீக்கில் ஆட வைக்கலாமா? நன்றாக ஆடுகிறவர்கள் மிடில்செக்ஸ் கவுண்டி (மாவட்ட) அணிக்குப் போக என்ன வழி?

பதில்: கிளப் தொடங்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இப்போதைக்குத் தொடங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. பக்கத்தில் சொந்த மைதானம் வைத்திருக்கும் ஒரு பழைய கிளப்பைப் பிடியுங்கள். உங்கள் பிள்ளைகளை அதன் ஜூனியர் பிரிவில் மொத்தமாகக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

காரணம் மைதானம். மட்டை, பந்து, பயிற்சியாளர் எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். லண்டனில் புல் பிட்ச் கிடைப்பதுதான் அரிது. கோடை முழுக்க அதை வெட்டி, உருட்டி, தண்ணீர் விட ஆள் வேண்டும். கவுன்சில்களுக்கு அது கட்டுப்படியாவதில்லை. வாடகைப் பிட்சை நம்பி ஆடும் நம்மவர் ஞாயிறு அணிகளைப் பாருங்கள். பயிற்சி வலை கிடையாது, உடை மாற்ற அறை கிடையாது, அடுத்த வருஷம் அதே இடம் கிடைக்குமா என்பதும் தெரியாது. ஜூனியர் லீக்கில் ஆட நிலையான ஒரு இடம் வேண்டும்.

பழைய கிளப்புகளின் நிலை நேர் எதிர். அங்கே ரோலர் இருக்கும், வலை இருக்கும், பெவிலியன் இருக்கும். கமிட்டியில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குக் குறைவது பிள்ளைகளும், ஸ்கோர் எழுதவும் அம்பயராக நிற்கவும் முன்வரும் பெற்றோரும். உங்களிடம் இருப்பது அதுதான். அதனால் கெஞ்ச வேண்டியதில்லை, பேரம் பேசலாம். 9 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்று, 11 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்று என இரண்டு அணிகள், கமிட்டியில் உங்களில் ஒருவருக்கு இடம், ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் என்றால் கட்டணச் சலுகை, தமிழ் வகுப்பு நேரத்தில் பயிற்சி வேண்டாம். நியாயமான கோரிக்கைகள்தான். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையை முதலிலேயே சொல்லுங்கள். பெண்கள் அணி தொடங்க ஆசைப்பட்டு ஆள் கிடைக்காமல் இருக்கும் கிளப்புகள் நிறைய.

கிளப்பில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்றை இந்த மாதமே தொடங்குங்கள். மூன்று அப்பாக்களும் கிளப், தமிழ்ப் பள்ளி போன்ற ஓர் அமைப்பு மூலம் டி.பி.எஸ். (குற்றப் பின்னணி) சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள், தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. "எல்லாரும் தெரிந்த குடும்பங்கள்தானே" என்ற பேச்சு இங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. இங்கிலாந்து-வேல்ஸ் கிரிக்கெட் வாரியமான இ.சி.பி.யின் விதிப்படி, பிள்ளைகள் ஆடும் கிளப்பில் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். உங்களில் ஒருவராவது பயிற்சியாளர்களுக்கான தொடக்க வகுப்பான ஃபவுண்டேஷன்-1ஐ முடித்தால் நல்லது. அதற்குப் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்கத் தேவையில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். சின்னவர்களுக்கு வாரியமே நடத்தும் திட்டங்கள் உண்டு: 5 முதல் 8 வயதுக்கு 'ஆல் ஸ்டார்ஸ்', 8 முதல் 11 வரை 'டைனமோஸ்'. 9 வயதுக்குட்பட்டோர் போட்டிகள் பெரும்பாலும் மென்பந்தில், ஜோடி ஆட்டமாக நடக்கும். அணி 200 ஓட்டங்களோடு தொடங்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் குறிப்பிட்ட ஓவர்கள். அவுட் ஆனால் 5 ஓட்டம் கழியும், பிள்ளை வெளியே போகாது, தொடர்ந்து ஆடும். நம் பெற்றோர் சிலர் "இதென்ன கிரிக்கெட்?" என்று முகம் சுளிப்பார்கள். முதல் பந்திலேயே அவுட் ஆகி மீதி நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக்காரனுக்குக் கிரிக்கெட் எப்படிப் பிடிக்கும்?

கஷ்டம் கடினப் பந்துக்கு மாறும்போதுதான். டென்னிஸ் பந்து இடுப்புக்கு மேல் எழும்பி மெதுவாக வரும். அதில் வளர்ந்த பிள்ளை லெக் பக்கமாக விலகி, குறுக்கே மட்டையைச் சுழற்றும். பந்து வீசும்போது வேகத்துக்காக முழங்கையை மடக்கி எறியும். இரண்டும் பூங்காவில் செல்லுபடியாகும். கடினப் பந்தில் முதலாவது ஸ்டம்பைப் பறிகொடுக்கும், இரண்டாவது நோபால். அதனால் இடையில் ஒரு பருவமாவது இன்க்ரெடிபால் என்ற மென்மையான பந்தில் ஆட விடுங்கள்: தையல் உண்டு, பட்டால் அவ்வளவாக வலிக்காது. அப்புறம் 13 வயது வரை 135 கிராம் பந்து, அதற்கு மேல் ஆண் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் 156 கிராம். பிட்ச் நீளமும் வயதுக்கு ஏற்ப 22 கஜத்தைவிடக் குறையும். கடினப் பந்துக்குக் கம்பி முகப்பு வைத்த ஹெல்மெட் கட்டாயம். கிளப்பில் எல்லாருக்கும் பொதுவான கிட் பை இருக்கும். முதல் வருஷமே முழு கிட் வாங்கிச் செலவழிக்காதீர்கள்.

இப்போது கவுண்டி. பொதுவாக கிளப்போ பள்ளியோ பரிந்துரைத்த பிள்ளைகளையே தேர்வுக்கு அழைப்பார்கள். பூங்காவில் எவ்வளவு அடித்தாலும் அது தேர்வாளர் கண்ணில் படாது. லீக் ஆட்டத்தின் ஸ்கோர் வாரியத்தின் 'ப்ளே-கிரிக்கெட்' இணையதளத்தில் ஏறும், பயிற்சியாளர் பெயரைச் சொல்வார். பழைய கிளப்பில் சேரச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். வயதுப் பிரிவு பள்ளி ஆண்டை ஒட்டி, செப்டம்பர் 1 கணக்கில் போகும். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். தேர்வாகவில்லை என்றால் அதையும் கணக்கில் எடுங்கள்.

பாதை எல்லோருக்கும் சமம் என்று சொல்ல மாட்டேன். கிரிக்கெட்டில் சமத்துவம் பற்றி ஆராய்ந்த சுயாதீன ஆணையம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் இங்கிலாந்து ஆண்கள் அணிக்கு ஆடியவர்களில் 58 சதவீதம் பேர் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். நாட்டு மக்களில் அப்படிப் படித்தவர்கள் 7 சதவீதம்தான். தேர்வான பிறகும் குளிர்காலப் பயிற்சி, உடை, பயணம் என்று செலவு வரலாம். உதவித்தொகை உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

பத்து வயதுத் தேர்வை வாழ்க்கைப் பிரச்சினையாக்கவும் வேண்டாம். சென்னையில் பிறந்த நாசர் ஹுசைன், தந்தை இல்ஃபோர்டில் நடத்திய உள்ளரங்கப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். 8 வயதிலேயே எசெக்ஸின் 11 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடினார், லெக் ஸ்பின்னராக. பதின்ம வயதில் திடீரென்று உயரமானதும் பந்துவீச்சு கைவிட்டுப் போனது. மட்டையாளராகத்தான் இங்கிலாந்து கேப்டன் ஆனார். பத்து வயதில் ஒருவனைப் பார்த்து அவன் யாராவான் என்று எந்தத் தேர்வாளரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை மாலைப் பயிற்சியின்போது கிளப்பின் பார் திறந்திருக்கும். பல கிளப்புகள் ஓடுவதே அந்த வருமானத்தில்தான். நம் குடும்பங்கள் பலர் பிள்ளையை இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆரஞ்சு ஜூஸ் கிடைக்கும். அணி யாருக்கு, வலை நேரம் யாருக்கு என்பதெல்லாம் பாதி அந்த மேசையில்தான் பேசி முடிகிறது.

பிள்ளைகளைச் சேர்க்கக் கேட்டு கிளப்புகளுக்கு எழுதும் கடிதத்தை ஏப்ரலில் எழுதாதீர்கள். அதற்குள் லீக்கில் அணிகள் பதிவாகியிருக்கும், குளிர்கால உள்ளரங்க வலைப் பயிற்சியும் முடிந்திருக்கும். செப்டம்பர் கடைசியில், பருவம் முடிந்த சூட்டோடு எழுதுங்கள். ஸ்டான்மோர், ஈஸ்ட்கோட் என்று சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று கிளப்புகளின் ஜூனியர் பொறுப்பாளர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். நீண்ட அறிமுகம் தேவையில்லை. எந்த வயதில் எத்தனை பிள்ளைகள், அதில் பெண்கள் எத்தனை, டி.பி.எஸ். முடித்த பெரியவர்கள் எத்தனை. இந்த மூன்றும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.