கல்யாணத்துக்கு அவனை அழைத்துப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 15 வயது. ஆட்டிசம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "அவனை மட்டும் யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள் அண்ணி" என்கிறார். நான் வேலைக்குப் போனதால், போனைக் கொடுத்துப் பழக்கியதால் இப்படி ஆனான் என்று மாமியார் வீட்டில் பேச்சு. கர்மா என்பவர்களும் உண்டு. அவன் கையை உதறிச் சத்தம் போட்டால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதும் உண்மைதானே? போவதா, வேண்டாமா?

– ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

கர்மாவை விடுங்கள். அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் ஒரு மத்தியானம் அவனைப் பார்த்துக்கொள்ள வரப்போவதில்லை. ஆட்டிசம் கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. போனுக்கும் உங்கள் வேலைக்கும் அதில் பங்கில்லை. மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகு, படித்த மருத்துவர்களே பல வருடம் தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்றார்கள். 1964-ல் அதை மறுத்து எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட் ஓர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன். அறுபது வருடம் ஆகியும் உங்கள் மாமியார் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

என்னைக் கோபப்படுத்தியது "தொந்தரவு" என்று நீங்களே எழுதியதுதான்.

ஒரு தைப்பூசத்தன்று இங்கே டர்பனில் ஒரு கோயிலில் நின்றிருந்தேன். மேளம் ஏற ஏற, உயரமான ஒரு பையன் கைகளை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, வெளியே கூட்டிப் போங்கள் என்று அவன் அம்மாவிடம் சொன்னார். பத்தடி தள்ளி, அருள் வந்த ஒருவர் கூட்டத்தின் காலையெல்லாம் மிதித்துத் துள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு வழி விட்டார்கள், பின்னால் ஒருவர் தாங்கிப் பிடித்தார், காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நான் கமிட்டிக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "அது பக்தி, இது வியாதி" என்றார்.

இரண்டும் ஒன்று என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தன் வசத்தில் இல்லாத ஓர் உடம்பின் அருகில் எப்படி நிற்பது, எப்போது விலகுவது, எப்போது தாங்குவது, எப்போது சும்மா இருப்பது என்று நம் ஜனங்களுக்கு நன்றாகவே தெரியும். 1860-ல் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே கப்பலேறி வந்தவர்கள் தொடங்கி இன்றுவரை யாரும் அதைப் பாடமாகப் படிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்தே பழகினோம். உங்கள் மகன் பக்கத்தில் நிற்கவும் இவ்வளவுதான் வேண்டும்: கத்தாதே, கையைப் பிடித்து இழுக்காதே, உற்றுப் பார்க்காதே, அடங்க நேரம் கொடு. ஐந்து வயதில் இதே கை உதறலைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியவர்கள்தானே இவர்கள்? மீசை அரும்பியதும் பயப்படுகிறார்கள் என்றால், நடுவில் பத்து வருடம் அவனைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். நீங்களும் ஒளித்து வைத்தால் அவர்களுக்கு எப்படிப் பழகும்? அதற்காக அவனை ஊருக்குப் பாடம் நடத்தவும் இழுத்துப் போக வேண்டாம். சத்தம் வலிக்கிறது என்று அவன் காட்டினால் உடனே கிளம்பிவிடுங்கள், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல்.

இன்னொன்று. குழந்தைக்கான பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் 18 வயதில் அது நின்றுவிடும். ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு, அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா (SASSA) அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள்.

அப்புறம், கல்யாணம். அவனுக்கு விருப்பம் இருந்தால் கூட்டிப் போங்கள். நாத்தனாரிடம் ஹாலில் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். அதற்கு எதிர்ப்பக்கம், கதவை ஒட்டி, மூன்று நாற்காலி போடச் சொல்லுங்கள்.