ஷாஃப்ட் ஆடுகிறதா? கட்லெஸ் பேரிங் பற்றிச் சில கேள்விகள்

மலேசியாவின் லங்காவியில் பாய்மரப் படகுகளுக்கு இன்ஜின், ஷாஃப்ட் வேலை பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே சாமானைப் பற்றியவை: படகுக்கு அடியில், புரொப்பல்லருக்குச் சற்று முன்னால், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங், அதாவது கட்லெஸ் பேரிங்.

அண்ணே, 32 அடிப் படகு, கரையேற்றி வைத்திருக்கிறேன். புரொப்பல்லரைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்கிறது. எவ்வளவு ஆட்டம் வரை பரவாயில்லை?

ஷாஃப்டை மேலே தூக்கிப் பிடித்து, கீழே தெரியும் சந்தில் டிரில் பிட்டின் பின்பக்கத்தை விட்டுப் பாருங்கள். 25 மி.மீ. ஷாஃப்டுக்கு 1.5 மி.மீ. பிட் தாராளமாக நுழைந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பரின் உட்புறம் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும். பள்ளத்தில் விட்டு அளந்துவிட்டுப் பயப்பட வேண்டாம், மேட்டில் அளந்து பாருங்கள். புதிய பேரிங்கிலும் துளி ஆட்டம் இருக்கத்தான் செய்யும்.

கிரீஸ் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடாதா?

ஓடாது. இதற்குக் கடல்நீர்தான் மசகு. பள்ளங்கள் வழியே நீர் ஓடி, ஷாஃப்ட் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் சுற்றும். மணல் நுழைந்தாலும் பள்ளத்தில் விழுந்து வெளியே போய்விடும். கிரீஸ் அந்த வழியை அடைத்து, மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரை நம்புவது புதுப் பழக்கமும் இல்லை. ரப்பர் பேரிங் வருவதற்கு முன்பே, 1850-களில், ஜான் பென் என்ற ஆங்கிலப் பொறியாளர் லிக்னம் விட்டே என்ற கெட்டியான மரத்தின் துண்டுகளைப் பதித்து நீராவிக் கப்பல்களின் ஷாஃப்டை இப்படித்தான் ஓடவிட்டார்.

ஷாஃப்டைக் கழற்றாமலே மாற்றலாம் என்கிறார்களே?

பேரிங் வெளியே தெரியும் பிராக்கெட்டில் இருந்தால் முடியும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, புல்லர் (திருகை முறுக்கிப் பேரிங்கை வெளியே எடுக்கும் கருவி) போட்டுத் தள்ளலாம். ஷாஃப்ட் படகின் உடலைக் கடந்து போகும் குழாயான ஸ்டெர்ன் டியூபுக்குள் இருந்தால் பெரும்பாலும் ஷாஃப்டை உருவித்தான் ஆக வேண்டும். சில படகுகளில் சுக்கான் குறுக்கே நிற்கும், அதையும் இறக்க வேண்டியிருக்கும்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் பிராக்கெட்டைச் சுரண்டிப் பாருங்கள். பேரிங்கைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் பல வருடப் பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் புல்லரை முறுக்கி முறுக்கி, பிராக்கெட்டையே வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஷாஃப்டை உருவிய பிறகு, ஹேக்சா பிளேடை உள்ளே விட்டு, ரப்பரைச் சுற்றியிருக்கும் பித்தளைக் கூட்டை நீளவாக்கில் அறுத்து, உள்பக்கமாக மடக்கி எடுப்பது பழைய முறை. என் முதல் வேலையில் அவசரப்பட்டு அறுத்து, பிராக்கெட்டுக்குள் ஒரு மி.மீ. ஆழத்துக்குக் கோடு போட்டுவிட்டேன். படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து நாலு இழுப்புக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அறுக்கும்போது வரும் தூளின் நிறமோ சத்தமோ மாறினால் நிறுத்திவிடுங்கள்.

25 மி.மீ., ஒரு அங்குலம் இரண்டும் ஒன்றுதானே சார்?

இல்லை. ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ. அந்த 0.4-இல்தான் பேரிங் இறுகும், அல்லது புதுசிலேயே லொடலொடக்கும். ஷாஃப்ட் விட்டம், கூட்டின் வெளி விட்டம், நீளம் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷாஃப்டைத் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது ரப்பர் போட்டும் பயனில்லை.

புது பேரிங் உள்ளே போக மறுக்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

வேண்டாம். ஒரு இரவு ஃப்ரீசரில் வையுங்கள், துளி சுருங்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, மரை வெட்டிய நீளக் கம்பியும் இரண்டு தடித்த வாஷரும் போட்டு, நட்டை முறுக்கி இழுங்கள். கடைசியில் பக்கத் திருகுகளை அளவோடு முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் கூடு நசுங்கி ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும்.

இரண்டு வருடம் முன்புதான் மாற்றினேன். மறுபடியும் தேய்ந்துவிட்டது, அதுவும் ஒரே பக்கம். மட்டமான சரக்கா?

சரக்கைத் திட்டுவதற்கு முன்னால் இன்ஜினைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் இன்ஜினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லை, இல்லையென்றால் ஷாஃப்டே வளைந்திருக்கும். இன்ஜினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் ஒட்டவைத்து, சுற்றிலும் நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 100 மி.மீ. கப்ளிங் என்றால் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இதைக் கரையில் செய்து முடித்தால் பாதி வேலைதான். கட்டைகள் மேல் நிற்கும்போது படகின் உடல் ஒரு வடிவம், மிதக்கும்போது வேறு வடிவம். பாய்மரக் கம்பிகளை இறுக்கினாலும் மாறும். அதனால் படகை இறக்கி, கம்பிகளை வழக்கம்போல் இறுக்கி, இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து, இன்ஜின் மவுண்ட் நட்டுகளைச் சரிசெய்யுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது அளவைத்தான். பிறகு பழி பேரிங்குக்கு.

என்னுடையது அலுமினியப் படகு. பித்தளைக் கூடு போடலாமா?

கூடாது. உப்புநீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பித்தளை சும்மா இருக்கும், அலுமினியம்தான் அரித்துப்போகும். ஃபைபர் கூடு உள்ளதை வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு. இறக்குவதற்கு முன் இன்ஜினைப் போட்டுப் பார்க்கலாமா?

கியர் போடாமல் என்றால் சரி, அதுவும் இன்ஜினுக்குக் குளிர்நீர் கொடுத்துவிட்டு. ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், போதும். கியர் போட்டு நீரில்லாமல் சுற்றவிட்டால் ரப்பர் கருகிவிடும். ஷாஃப்ட் வழியே தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க, மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் கொண்ட பெல்லோஸ் வகை சீல் இருந்தால், படகு நீரில் இறங்கியதும் அதைக் கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். குபுக்கென்று தண்ணீர் பீச்சும். அப்புறம் கியர் போடலாம்.