வயிற்றை யார் பார்த்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 38 வயது. என் கணவருக்கு 42. கனடாவில் மிசிசாகா நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். இருவரும் இன்னும் இந்தியக் குடிமக்கள்தாம். நான்கு முறை ஐ.வி.எஃப். செய்து, ஒரு முறை மட்டும் கரு தங்கி, அதுவும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன பிறகு, இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுப்பதென்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். ஒன்டாரியோவில் இதற்குக் கட்டாயமான ‘பிரைட்’ பயிற்சியின் 27 மணி நேரத்தையும் அருகருகே உட்கார்ந்து முடித்தோம். இப்போது ஹோம் ஸ்டடி, அதாவது சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எங்கள் தகுதியை ஆராயும் கட்டம், நடக்கிறது.

சென்ற மாதம் வந்த சமூகப் பணியாளர், மருந்துகள் வைக்கும் அலமாரி, புகை எச்சரிக்கைக் கருவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையில் நின்றுகொண்டு, இழந்த கர்ப்பத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதுண்டா என்று கேட்டார். “பேசிப் பேசி ஆறிவிட்டது” என்றேன். அவர் நின்ற இடத்திலிருந்து ஓரடி தள்ளியிருந்த இழுப்பறையில், மஞ்சள் துணியில் சுற்றிய வெள்ளி அரைஞாண் ஒன்று கிடக்கிறது. பிறப்பதற்கு முன் எதையும் வாங்கக் கூடாது என்பார்கள்; அம்மா ஆசை பொறுக்காமல் வாங்கி அனுப்பிவிட்டார். அதைப் பற்றி நாங்கள் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அன்றிரவு என் கணவர், “தத்தெடுத்தது என்று ஊரில் சொல்ல வேண்டாம். நீ இங்கேதானே இருக்கிறாய், உன் வயிற்றை யார் பார்த்தார்கள்? இங்கேயே பிறந்ததாகச் சொல்லிவிடலாம்” என்றார். உறவினர் ஒருவர் தத்தெடுத்தபோது என் மாமியார் “யார் வீட்டு ரத்தமோ” என்று சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்திருக்கிறது. என் கணவர் உண்மையில் இதற்குத் தயாராக இல்லையோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பணியாளரிடம் சொன்னால் அறிக்கை எங்களுக்குப் பாதகமாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன். வீட்டின் அமைதிக்காக அவர் சொல்வதற்கு ஒத்துப்போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்பது உங்கள் கணவர் சொல்ல நினைக்கும் பொய்யைப் பற்றி. உங்கள் கடிதத்தில் நீங்கள் சொன்ன பொய் ஒன்றும் இருக்கிறது. குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. இரண்டும் அந்த ஒரே இழுப்பறையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுவதால் சொல்கிறேன்.

முதலில், அவர் யோசனை நடைமுறையில் நிற்காது. உங்கள் இருவர் வயதும் சேர்ந்து 80. தம்பதியின் கூட்டு வயது 85க்குள் இருந்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க இந்திய விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அது கைக்குழந்தையாக உங்களிடம் வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தையானால், அவர்கள் மனம் மாறுவதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையானால், அதன் உறவுகளைத் தேடிப் பார்த்த பிறகே குழந்தைகள் நலக் குழு அதைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கும். அதன்பின் இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொன்றாக முடிந்து அது மிசிசாகாவுக்கு வரும்போது அநேகமாகப் பல் முளைத்து நடக்கத் தொடங்கியிருக்கும். கல்யாணத் தேதியை மறந்துவிடும் உறவினர்கள்கூடப் பிள்ளை பிறந்த மாதத்தைக் கணக்குப் போடுவதில் தவறுவதில்லை.

கணக்குப் போடாத உறவினர்களே வாய்த்தாலும், உண்மை கோப்பில் இருக்கும். இந்தியா 2003இல் ஏற்று உறுதிசெய்த நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, குழந்தையின் பிறப்பு மூலம் பற்றிய தகவல்களைப் பாதுகாக்கும்படி நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. தத்தெடுக்கப்பட்டவர் 18 வயதான பின் தம் வேர்களைத் தேடி விண்ணப்பிக்க இந்திய விதிகளும் வழி செய்கின்றன. இந்த ஏற்பாடுகளின் தேவையைப் பழைய கதைகள் காட்டுகின்றன. 1980களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட பலர், வளர்ந்தபின் தாயைத் தேடி வந்து, தங்கள் ஆவணங்களிலிருந்த பெயர்களே பொய் என்று அறிந்தார்கள். இப்படிப்பட்ட முறைகேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளியான 2021 பிப்ரவரியில், அந்நாட்டு அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அவர்களுக்குத் தாளில் பொய் இருந்தது. உங்கள் பிள்ளைக்குத் தாளில் உண்மையும் வீட்டில் பொய்யும் இருக்குமானால், அந்தத் தாள் கையில் கிடைக்கும் நாளில் உங்கள் இருவரின் மற்ற எல்லாச் சொற்களும் அதற்குச் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும். ஆகவே, இதற்கு ஒத்துப்போக வேண்டாம். ‘தத்து’ என்ற சொல், குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும், பொருள் புரிவதற்கு முன்பே அதன் காதில் விழுந்து பழகியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் உட்கார வைத்துச் சொல்லும் செய்தியாக அது இருக்கக் கூடாது.

உங்கள் கணவரைப் பற்றி நான் வேறு விதமாக நினைக்கிறேன். விருப்பமில்லாதவர் 27 மணி நேரம் அருகில் உட்கார்ந்திருக்க மாட்டார். ‘யார் வீட்டு ரத்தமோ’ என்ற அந்தப் பேச்சு நாளை உங்கள் மீதும் பிள்ளை மீதும் விழும் என்று அவர் அஞ்சுகிறார். அஞ்சியதற்குத் தப்பான மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஐந்தாம் மாதத்தில் வந்தவர்கள் எல்லாரும் உங்கள் உடம்பைப் பற்றி விசாரித்திருப்பார்கள்; அவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?

ஆகவே, ஒரு விடுமுறை நாள் மாலையில் அந்த அரைஞாணை எடுத்து மேசை மேல் வையுங்கள். அன்று ஊர்ப் பேச்சும் மாமியார் பேச்சும் வேண்டாம். மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவு அவர் என்ன செய்தார், யாரிடம் சொன்னார் என்று மட்டும் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். நீங்களும் உங்கள் பங்கைச் சொல்லுங்கள். வரப்போகும் பிள்ளைக்கு அதைக் கட்டலாமா என்ற பேச்சு எழுந்தால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. அது அந்தப் பிள்ளைக்கு வாங்கியது. இதற்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

பணியாளரிடம், அடுத்த சந்திப்புக்கு முன்பே நீங்களாக அழைத்து, அன்று சொன்னது சரியல்ல என்று சொல்லிவிடுங்கள். பரிந்துரை எழுதும் அதிகாரம் அவரிடம் இருப்பதால் உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனாலும் துக்கம் இருப்பதைத் தகுதிக்குறைவாகக் கொள்பவர் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டார். மறைப்பதுதான் அவரைத் தயங்க வைக்கும். குழந்தை வந்த பிறகும் முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாமாண்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்காணிப்பு அறிக்கை போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கணவரின் யோசனையைப் புகாராக நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டாம்; அதை அவரே சொல்லட்டும். இருவரும் ஒரு முடிவுக்கு வராவிட்டால், ஹோம் ஸ்டடியைச் சில வாரங்கள் தள்ளி வைக்கக் கேளுங்கள். காத்திருப்பு எப்படியும் ஆண்டுக்கணக்கில் நீளும். அந்தச் சில வாரங்கள் பெரிய இழப்பல்ல.

மாமியாரிடம் செய்தியைக் கொண்டுபோக வேண்டியவர் உங்கள் கணவர். எந்தக் குழந்தையின் விவரமும் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டால், கோபித்துக்கொள்ளவும் ஆறவும் அந்த அம்மாவுக்கு நாள் இருக்கும். உங்கள் கணவர் தொலைபேசியில் பேசும்போது நீங்கள் அதே அறையில் இருங்கள். பேச்சை அவரிடமே விட்டுவிடுங்கள்.